கடற்கரையில் நான் அடித்த முளைகள்

மாலத்தீவுக்குப் போகிறேன் என்று சொன்னதும் எங்கள் வரிசையில் இருந்த மூன்று வீட்டுக்காரர்களும் கேட்ட முதல் கேள்வி, அங்கே மலை உண்டா என்பதுதான். ஆள் உயரத்துக்கு மேல் மேடே கிடையாதாம் என்றேன். "அப்ப மண்ணு சரியாதுங்களே டீச்சர்!" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. அவள் முகத்தில் இருந்தது சுத்தமான பொறாமை. நான் சிரித்தேன். உள்ளுக்குள் எனக்கும் அதே எண்ணம்தான் ஓடிக்கொண்டிருந்தது.

குன்னூர் பக்கம் ஜெகதளாவுக்கு மேலே, தேயிலைச் சரிவை வெட்டிச் சமன் செய்து கட்டிய நான்கு வீடுகளில் ஒன்று எங்களுடையது. நான் முப்பது வருஷம் பால்வாடி டீச்சர். என் வீட்டுக்காரர் எஸ்டேட்டில் கொழுந்து லாரி ஓட்டியவர். இரண்டு பேருமே இலங்கைத் தோட்டத்து லயத்தில் பிறந்து, விவரம் தெரியாத வயதில் கப்பலேறி வந்தவர்கள். இங்கே வந்தும் லைன் வீடுதான். பக்கத்து வீட்டில் தும்மினால் நம் வீட்டில் யாராவது 'நூறு' என்று சொல்லும் வாழ்க்கை. ரிட்டையர் ஆன பிறகுதான் நான்கு பக்கமும் எங்களுக்கே சொந்தமான சுவர் என்று ஒன்று கிடைத்தது. அதனால்தான் போன மழையில் அடுப்படிக்குப் பின்னால் மண்ணில் விரிசல் விட்டபோது, நாங்கள் அதைப் பற்றி வீட்டுக்குள் சத்தமாகப் பேசவே இல்லை. பேசினால் வீடு கேட்டுவிடும் என்பதுபோல நடந்துகொண்டோம்.

விரிசல் சுண்டுவிரல் அகலம். கொய்யா மரத்தடியில் தொடங்கி நான்கு வீடுகளின் முதுகையும் தொட்டுக்கொண்டு போனது. ரோட்டு வேலை செய்கிறவர்கள் ஒரு வழி சொல்லிக்கொடுத்தார்கள். விரிசலுக்கு இந்தப் பக்கம் ஒரு முளை, அந்தப் பக்கம் ஒரு முளை அடிக்க வேண்டும். நடுவில் நூலை விறைப்பாகக் கட்ட வேண்டும். நைலான் கூடாது, மலையோடு சேர்ந்து அதுவும் இழுபடும், ஒன்றும் சொல்லாது. பூக் கட்டுகிற நூல்தான் சரி. மண் அசைந்தால் பட்டென்று அறுந்துவிடும். அறுந்தால் மறுபேச்சு இல்லை, ரேஷன் கார்டை எடுத்துக்கொண்டு கீழே பள்ளிக்கூடத்துக்கு இறங்கிவிட வேண்டும். இதுதான் நான்கு வீட்டுக்கும் சட்டம். காலையில் அடுப்படிக் கதவைத் திறந்து, பால் காய்ச்சுவதற்கு முன்னால் நூலைப் பார்ப்போம். "உங்க நூல் நல்லா இருக்குங்களா?" என்பதுதான் எங்கள் வரிசையில் காலை வணக்கம்.

இது எதுவும் எங்கள் மகளுக்குத் தெரியாது. ஒரே மகள். மாலத்தீவின் தெற்குக் கோடியில் ஒரு தீவில், சுகாதார நிலையத்தில் நர்ஸ். போய் மூன்று வருஷம். லீவுக்கு வந்தால் பத்து நாள் இருப்பாள், அதிலும் பாதி நாள் ஊர் சுற்றுவதில் போய்விடும். கடைசியாக அவள் வந்துபோன பிறகுதான் விரிசல் வந்தது. தெரிந்தால் முதலில் அந்த வீட்டைவிட்டு இறங்குங்கள் என்பாள். இறங்கி எங்கே போவது என்பதற்கு எங்களிடம் பதில் இல்லை. வாயைத் திறக்கக் கூடாது என்று நானும் அவரும் முடிவு செய்தோம்.

தீபாவளிக்கு லீவு கிடைக்காது, நீங்கள் ரெண்டு பேரும் இங்கே வந்து ஒரு மாசம் இருங்கள் என்று அவள் கூப்பிட்டாள். "ரெண்டு பேரும் போயிட்டா நூலை யாரு பாக்கறது?" என்றார் அவர், ஏதோ பால் கறக்க வேண்டிய மாட்டைப் பற்றிப் பேசுவதுபோல. எங்கள் பக்கம் ஐப்பசிதான் கொட்டுகிற மாசம். அந்த மாசத்தில், அந்த வீட்டில், அந்த மனுஷனைத் தனியாக விட்டுவிட்டு நான் கிளம்பினேன். அதற்காக என்னை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

போனதற்கு எனக்கு ஒரு காரணம் இருந்தது. கடல் உயர்ந்துகொண்டே வருகிறது, இந்தத் தீவெல்லாம் ஒருநாள் மூழ்கிவிடும் என்று கேள்விப்பட்டதிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. எப்படியாவது பேசி மகளைக் கையோடு கூட்டிவந்துவிட வேண்டும் என்றிருந்தேன். மலை விழும் என்று தெரிந்த வீட்டிலிருந்து, கடல் ஏறும் என்று பயந்து மகளை மீட்கப் போனேன். அப்போது இதில் எனக்கு எந்த வேடிக்கையும் தெரியவில்லை.

கொச்சியிலிருந்து ஒரு விமானம், தலைநகரத்திலிருந்து ஒரு குட்டி விமானம், பிறகு ஒரு மணி நேரம் விசைப்படகு. குட்டி விமானத்திலிருந்து பார்த்தால் தீவுகள் சட்டியில் ஊற்றிய ஆப்பம்போலத் தெரிந்தன. நடுவில் பச்சையாக ஒரு திட்டு, சுற்றிலும் மெல்லிய வெள்ளை ஓரம். இதில் மனுஷர்கள் வீடு கட்டிக் குடியிருக்கிறார்கள் என்பதை நம்பவே முடியவில்லை. படகில் ஏறியதும் கண்ணை மூடியவள் இறங்கும்வரை திறக்கவில்லை. ஐந்து வயதில் வந்த கப்பல் பயணத்தில் அம்மாவின் சேலைக்குள் தலையை விட்டு வாந்தியெடுத்ததுதான் எனக்கும் கடலுக்கும் இருந்த ஒரே பழக்கம்.

தீவை ஒருமுறை சுற்றிவர இருபத்தைந்து நிமிஷம். தெருவெல்லாம் வெள்ளை மணல். எங்கே திரும்பினாலும் சமதளம். என் கால்களுக்கு அது பிடிபடவே இல்லை. ஏறும்போது முன்னால் சாய்வதும் இறங்கும்போது பின்னால் சாய்வதுமாக ஐம்பது வருஷம் நடந்த உடம்பு, சமதளத்தில் எந்தப் பக்கம் சாய்வது என்று தெரியாமல் தடுமாறியது. முதல் இரண்டு நாள் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். மகள் வீடு தீவின் நடுவில், சுற்றுச்சுவருக்குள் இருந்தது. அங்கிருந்து கடல் தெரியாது. சத்தம் மட்டும் கேட்கும். அதுவரைக்கும் நல்லது என்று கடற்கரைப் பக்கமே போகாமல் இருந்தேன்.

விடிந்ததும் அந்த ஊர்ப் பெண்கள் துடைப்பத்தோடு தெருவுக்கு வந்துவிடுவார்கள். உதிர்ந்த இலை ஒன்றுகூட இல்லாமல் மணலைக் கூட்டி, கோடு கோடாக விட்டுவிட்டுப் போவார்கள். மூன்றாம் நாள் நானும் ஒரு துடைப்பத்தை எடுத்துக்கொண்டு இறங்கினேன். சும்மா உட்கார்ந்திருந்தால் எனக்கு மனசு கண்டதையும் நினைக்கும். பக்கத்து வீட்டம்மாவுக்கு என் வயதுதான் இருக்கும். அவர் மொழி எனக்குத் தெரியாது, என் மொழி அவருக்குத் தெரியாது. நான் கூட்டுவதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு என் கையிலிருந்து துடைப்பத்தை வாங்கி, இப்படிச் சாய்த்துப் பிடிக்க வேண்டும் என்று காட்டித் திருப்பித் தந்தார். முப்பது வருஷம் பிள்ளைகளுக்குப் பென்சில் பிடிக்கக் கற்றுக்கொடுத்த எனக்கு அது கொஞ்சம் சுருக்கென்றது. ஆனால் அவர் சொன்னதுதான் சரி.

கூட்டி முடித்ததும் அவர் வீட்டு வாசலில், இரும்புச் சட்டத்தில் வலை பின்னிய நாற்காலியில் உட்காருவோம். நான்காம் நாளோ என்னவோ, உள்ளே போய் விறகுத்துண்டு மாதிரி ஒன்றைக் கொண்டுவந்து என் கையில் வைத்தார். மோந்து பார்த்தேன். மாசி! இலங்கையிலிருந்து யாராவது வந்தால் எங்கள் அம்மா கேட்டு வாங்கி, டப்பாவில் பூட்டி வைத்து, தேங்காய்ச் சம்பலுக்குச் சீவிப் போடுகிற அதே மாசிக்கருவாடு. இது இங்கிருந்துதானா வந்தது! நான் அதைக் கன்னத்தில் வைத்துக்கொண்டதைப் பார்த்து அவருக்கு ஒரே சிரிப்பு. அன்றைக்கு ஒரு பத்து நிமிஷம் நான் நூலை மறந்திருந்தேன்.

ஆறாம் நாள் மழை வந்தது. எங்கள் ஊரில் மழை இருட்டினால் நாங்கள் பேச்சை நிறுத்திவிட்டு மேலே பார்ப்போம். இங்கே பெண்கள் கூரைத் தண்ணீரைத் தொட்டிக்குத் திருப்பிவிட ஓடினார்கள், கல்யாண வீட்டில் பந்திக்கு ஓடுவதுபோல. அவர்களுக்குக் குடிக்கிற தண்ணீரே அதுதானாம். பக்கத்து வீட்டம்மா தொட்டியைத் தட்டித் தட்டிப் பார்த்துச் சந்தோஷப்பட்டார். ஒரு டம்ளர் மழைத் தண்ணீரை எனக்கும் நீட்டினார். அடுப்படி நூலை நினைத்துக்கொண்டே குடித்து வைத்தேன்.

என் வீட்டுக்காரர் தினமும் எங்கள் ஊர் நேரப்படி எட்டு மணிக்கு வீடியோவில் வருவார். இங்கே அப்போது ஏழரை, மகள் டியூட்டிக்குக் கிளம்புகிற நேரம். அவள் முன்னால் நூல் என்று சொல்ல முடியாது. "ரோசாச் செடி எப்படிங்க இருக்கு?" என்று கேட்பேன். "அப்படியே இருக்கு டீச்சர்," என்பார். அவரும் என்னை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார், கேலியாக ஆரம்பித்து அதுவே நிலைத்துவிட்டது. அவள் குளிக்கப் போன நேரம் பார்த்து, அடுப்படி ஜன்னல் வழியாக ஃபோனை நீட்டுவார். தூரத்தில் வெள்ளையாக ஒரு கோடு தெரியும். அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு அன்றைய நாள் தொடங்கும்.

மழைக்கு மறுநாள் காலையில் ஒன்று கவனித்தேன். அவர் கையில் வழக்கம்போல டீ டம்ளர் இருந்தது, அதில் ஆவி வரவில்லை. ஆறின டீயை வாயில் வைக்காத மனுஷன். எங்கள் குளிருக்குக் கொதிக்கிற டீயில் ஆவி அவர் முகத்தையே மறைக்கும். "டீ ஆறிப்போச்சுங்களா?" என்றேன். "உங்கூடப் பேசிட்டே இருந்தா ஆறாதா?" என்றார். பேச ஆரம்பித்து அரை நிமிஷம்கூட ஆகவில்லை. அடுத்த நாளும் ஆவி இல்லை, அதற்கு அடுத்த நாளும் இல்லை. ஃபோனில் ஆவியெல்லாம் தெரியாதோ என்னவோ என்று சமாதானம் செய்துகொண்டேன். மனசு கேட்கவில்லை.

அந்த வாரம் குன்னூரில் கனமழை, ரோட்டில் மரம் விழுந்தது, மலை ரயில் நிறுத்தம் என்று செய்தி வர ஆரம்பித்தது. மகள் கேட்டால் அவர், "நம்ம பக்கம் தூறல்தான் சாமி," என்பார். நான் எழுந்து எழுந்து உட்கார்ந்தேன். அங்கே போய் நூலைக் கையால் தொட்டுப் பார்க்காமல் எனக்கு நிலைகொள்ளவில்லை. இங்கிருந்து செய்ய ஒன்றுமில்லை. பயத்துக்கு ஏதாவது வேலை கொடுத்தால்தான் அடங்கும் என்று நினைத்தேன் போலிருக்கிறது. தீபாவளிக்கு முந்தின நாள் சாயங்காலம், மகள் வருவதற்குள், விறகுக் குச்சி நான்கை எடுத்துக்கொண்டு முதல் தடவையாகத் தனியாகக் கடற்கரைக்குப் போனேன்.

கடல் எங்கோ தள்ளிக் கிடந்தது. நான் பயந்த அளவுக்கு ஒன்றுமில்லை, எங்கள் ஊர்க் குளத்தை விடச் சாதுவாக இருந்தது. தண்ணீர் தொடுகிற விளிம்பில் நான்கு குச்சிகளையும் வரிசையாகக் கல்லால் அடித்து இறக்கினேன். கைப்பையில் எப்போதும் கிடக்கிற பூக் கட்டுகிற நூலை எடுத்து விறைப்பாகக் கட்டினேன். இனி இந்தக் கடல் ஒரு விரற்கடை நகர்ந்தாலும் எனக்குத் தெரிந்துவிடும். அன்றைக்குத்தான் அந்தத் தீவில் நன்றாகத் தூங்கினேன்.

தீபாவளிக் காலையில் அவர் வீடியோவில் புதுச் சட்டையோடு வந்தார். தோள்பட்டை நனைந்திருந்தது. "குளிச்சிட்டுத் தலை துவட்டலை," என்றார். கையில் டம்ளர், ஆவி இல்லை. மகள் டியூட்டிக்குப் போனதும் கோழிக் குழம்பு வைத்தேன். குக்கரை இறக்கிவிட்டு, உச்சி வெயிலில், முளைகளைப் பார்த்துவிட்டு வரலாம் என்று நடந்தேன்.

முளைகள் இல்லை. நூல் இல்லை. நான் முந்தின நாள் நின்ற இடமே இல்லை. அங்கே தண்ணீர் நின்றது. எங்கள் பால்வாடிக் கூடத்தின் நீளத்துக்குக் கடல் ஏறிவந்து, தாழம்புதரின் வேரை நக்கிக்கொண்டிருந்தது. ஒரே ராத்திரியில் இவ்வளவு என்றால், சாயங்காலத்துக்குள் தெரு, நாளைக்குள் வீடு. நான் கணக்குப் போட்டது அப்படித்தான்.

ஓடினேன். நூல் அறுந்தால் என்ன செய்ய வேண்டும் என்று நான்கு வீட்டுக்கும் பாடம் நடத்தியவள் நான்தான். முதலில் சர்ட்டிபிகேட் ஃபைல். பிறகு பாஸ்போர்ட் இரண்டு. கேஸை அணைத்தாயிற்று. போகிற இடத்தில் பசிக்குமே என்று குக்கரையும் தூக்கிக்கொண்டேன். பக்கத்து வீட்டம்மாவின் கையைப் பிடித்து இழுத்து, "கடல்! கடல்!" என்றேன். யாருக்கோ உடம்பு சரியில்லை என்று நினைத்து அவரும் பாவம் கூடவே ஓடிவந்தார். சுகாதார நிலையத்தில் கால் விரலில் கட்டுப்போட்ட ஒரு ஆள், இரண்டு கர்ப்பிணிப் பெண்கள், எல்லோர் முன்னாலும் போய் நின்றேன்.

"கடல் ஏறிடுச்சு. கெளம்பு," என்றேன் மகளிடம்.

"எங்கம்மா?"

"மேட்டுக்கு."

"எந்த மேட்டுக்கு?"

நான் அங்கே வந்து பதினைந்து நாள் ஆகியிருந்தது, அந்தத் தீவில் ஏறி நிற்க ஓர் இடமில்லை என்பது அந்த நிமிஷம்தான் உறைத்தது. அவள் என்னை உட்காரவைத்து, என்ன நடந்தது என்று கேட்டாள். குச்சி அடித்ததையும் அது காணாமல் போனதையும் சொன்னேன். கேட்டவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "ம்மா, அது தெனமும் ஏறும், எறங்கும். சாயங்காலம் வத்தியிருந்தப்ப குச்சி அடிச்சிருக்கே. இப்ப ஏத்தம். அமாவாசைல இன்னும் ஜாஸ்தி." அவர்கள் மொழியிலும் சொன்னாள். கர்ப்பிணிகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். கட்டுப்போட்டவர் காலை மறந்து சிரித்தார். புத்தகத்தில் படித்துப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த விஷயம்தான் அது. கண்ணால் பார்த்ததில்லை. எனக்கு மானம் போயிற்று.

சட்டென்று மகள் சிரிப்பை நிறுத்தினாள். "முளை அடிச்சு நூல் கட்டணும்னு உனக்கு எப்படிம்மா தோணுச்சு?"

நான் குக்கர் மூடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நோயாளி மறைக்கிறதைக் கண்டுபிடிக்கிறதுதானே அவள் வேலை. என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "ரோசாச் செடி எங்கம்மா இருக்கு? அடுப்படிக்குப் பின்னாடியா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

அழுதுவிட்டேன். கொய்யா மரத்தடியில் தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். உடனே அவருக்கு வீடியோ போட்டாள். அவர் எடுக்கவில்லை. சாதாரண அழைப்பில்தான் கிடைத்தார். சிக்னல் இல்லை, காலையில் எட்டு மணிக்கு வருகிறேன் என்று வைத்துவிட்டார். கோழிக் குழம்பை அங்கே இருந்தவர்கள் பிரித்துச் சாப்பிட்டார்கள். நான் காலிக் குக்கரைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன்.

சாயங்காலம் பக்கத்து வீட்டம்மா என்னைக் கையைப் பிடித்துக் கடற்கரைக்குக் கூட்டிப்போனார். அவர் மட்டும் அன்றைக்குச் சிரிக்கவே இல்லை. இரண்டு பேரும் மணலில் உட்கார்ந்திருந்தோம். தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்வாங்கியது. ஒரு குச்சி தலையை நீட்டியது. மற்ற மூன்றும் போய்விட்டிருந்தன. திரும்பும் வழியில் தன் வீட்டுச் சுவரில், இடுப்பு உயரத்தில் கையை வைத்துக் காட்டினார். எப்போதோ ஒருமுறை கடல் அதுவரை வந்ததாம். அவர் கையிலிருந்தும் முகத்திலிருந்தும் அதை நான் தெரிந்துகொண்டேன். பிறகு அந்தச் சுவரிலேயே சாய்ந்து நின்று, நாளைக்குக் கூட்ட வருவாயா என்று துடைப்பத்தைக் காட்டிக் கேட்டார். தெரிந்தே குடியிருக்கிறவர்கள் நாங்கள் மட்டும் இல்லை என்று அப்போது புரிந்தது. அதில் எனக்கு ஆறுதல் ஒன்றும் கிடைக்கவில்லை, பயம்தான் இரண்டாகியது.

மறுநாள் ஏழரைக்கு ஃபோன் வந்தது. மகள் எடுத்தாள். "அப்பா, நூலைக் காட்டுங்க."

"என்ன நூல் சாமி?"

"அம்மா சொல்லிட்டாங்க. காட்டுங்கப்பா."

அடுப்படிக் கதவு திறந்தது. மழை இரைந்தது. ஃபோன் ஆடி ஆடி நூலுக்குக் கிட்டே போய் நின்றது. மகள் படத்தைப் பெரிதாக்கினாள். நூல் விறைப்பாகத்தான் இருந்தது. நடுவில் மூன்று முடிச்சுகள் இருந்தன. நான் கட்டும்போது நடுவில் முடிச்சே போடவில்லை.

"நடுவுல எதுக்கப்பா முடிச்சு?"

"பூனை தாண்டி அறுத்துருச்சு."

"மூணு தடவையும் பூனையாப்பா?"

அவர் ஃபோனைத் தன் பக்கம் திருப்பினார், கையில் அதே டம்ளர். எனக்கு அந்த ஆவி ஞாபகம் வந்தது. "டம்ளரைக் கவுத்துக் காட்டுங்க," என்றேன். கவிழ்த்தார். ஒரு சொட்டு விழவில்லை.

பிறகு சொன்னார். நான் போன ஆறாம் நாளே நூல் அறுந்துவிட்டது. நான்கு வீட்டிலும் அறுந்தது. சட்டப்படி எல்லோரும் அன்றைக்கே பள்ளிக்கூடத்துக்கு இறங்கிவிட்டார்கள், அவரும்தான். அடுப்பும் சிலிண்டரும்கூட அங்கே போய்விட்டன. ஆனால் தினமும் காலையில் இவர் மட்டும் தனியாக மேலே ஏறி வந்திருக்கிறார். நூல் அறுந்திருந்தால் முடிச்சுப் போட்டு, அடுப்படியில் உட்கார்ந்து, வெறும் டம்ளரைக் கையில் பிடித்துக்கொண்டு எனக்கு ஃபோன் போட்டிருக்கிறார். "சொன்னா நீ அடுத்த படகுலயே ஏறிடுவே டீச்சர். புள்ளகூட ஒரு மாசம் சேர்ந்தாப்புல இருக்கட்டுமேன்னுதான்."

எனக்கு வந்த கோபத்துக்கு அவர் எதிரில் இருந்திருந்தால் அந்த டம்ளரையே பிடுங்கி எறிந்திருப்பேன். என்னிடம் பொய் சொல்வதற்காக, மலைக்கு அடியில் போய் உட்கார்ந்திருக்கிறார். அதைக் கேட்டுவிட்டுத்தான் நான் தினமும் நிம்மதியாகத் தெருக் கூட்டப் போயிருக்கிறேன்.

மகள் குரலை உயர்த்தவில்லை. "அப்பா, இப்பவே எறங்குங்க. வீட்டைப் பூட்ட வேண்டாம். ஃபோனை அணைக்காம நடந்துட்டே இருங்க."

நடந்தார். எங்களுக்குத் தெரிந்தது சேறும், அவருடைய ரப்பர் செருப்பும், அவ்வப்போது சாய்ந்து வந்து போன தேயிலைச் செடிகளும்தான். மூச்சு வாங்குகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. படம் இரண்டு தடவை உறைந்து நின்றது. நின்றபோதெல்லாம் மகள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள், நாடி பார்க்கிறவள்போல. கூட்டுவதற்கு என்னைக் கூப்பிட வந்த பக்கத்து வீட்டம்மா எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, துடைப்பத்தோடு பின்னால் வந்து நின்று அந்தச் சேற்றையே பார்த்தார். கடைசியில் பள்ளிக்கூடச் சுவரில் எழுதியிருந்த உயிரெழுத்துகள் தெரிந்தன. அதற்கு முன்னால் எங்கள் வரிசை ஆட்கள். இனி மேலே ஏறமாட்டேன் என்று சத்தியம் வாங்கிக்கொண்டுதான் மகள் ஃபோனை வைத்தாள். அன்றைக்கு டியூட்டிக்குத் தாமதமாகப் போனாள்.

அதற்கு மூன்றாம் நாள் மலை இறங்கியது. நான்கு வீட்டின் அடுப்படிகளும் போயின. எங்கள் வீட்டில் முன்னறைச் சுவர் ஒன்றும், அதில் மாட்டியிருந்த காலண்டரும் மிஞ்சின. மனுஷர்கள் யாருக்கும் ஒன்றுமில்லை.

நான் மிச்ச நாளை விட்டுவிட்டு ஊருக்கு வந்தேன். கிளம்பும்போது மகளைத் திரும்பி வா என்று கேட்கவில்லை. எந்த மேட்டுக்கு என்று அவள் கேட்டால் நான் எதைக் காட்டுவது? அவள் இன்னும் இரண்டு வருஷத்துக்கு ஒப்பந்தத்தைப் புதுப்பித்துவிட்டாள். பக்கத்து வீட்டம்மா ஒரு துண்டு மாசியைக் காகிதத்தில் சுற்றி என் பையில் வைத்தார்.

பள்ளிக்கூடத்தில் வைத்து எங்கள் வரிசைப் பக்கத்து வீட்டுக்காரியிடம் கேட்டேன், மண் எப்போது சரிந்தது என்று. "காலைலங்க டீச்சர். எட்டு, எட்டேகால் இருக்குமுங்க. புள்ளைக அப்பத்தான் பால் குடிச்சிட்டு இருந்துதுங்க," என்றாள்.

அவரிடம் போய் அதையே கேட்டேன். என் முகத்தைப் பார்க்காமல், "மத்தியானம்," என்றார்.

மறுபடி கேட்கவில்லை. இப்போது பஜார் பக்கம் வாடகை வீட்டில் இருக்கிறோம். பக்கத்து வீட்டில் தும்மினால் இங்கே கேட்கிறது. காலையில் எட்டு மணிக்கு மகளிடமிருந்து ஃபோன் வந்தால், பேச்சை ஆரம்பிப்பதற்கு முன்னால் அவர் டீ டம்ளரைக் கேமராவுக்குக் கிட்டே கொண்டுபோகிறார். ஆவி பட்டு ஃபோன் கண்ணாடி மங்கிவிடுகிறது. அது தெளிந்து அவர் முகம் தெரிகிறவரை, அந்தப் பக்கம் அவளும் இந்தப் பக்கம் நானும் காத்திருக்கிறோம்.